சிவப்பு நிறத்துக்கு 1,85,000. வராத ஓட்டுநருக்கு 6,00,000

பெறுநர்:
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

2025 ஜூலை 15 அன்று மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. அன்று வெளியான விலைப்பட்டியலை உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. 59,89,000 ரூபாயில் தொடங்கும் வண்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு? பழக்கதோஷம்தான். முப்பது வருடத்துக்கு மேல் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனையில் இருந்தவன். பட்டியல் என்று எது கையில் கிடைத்தாலும் வரிவரியாக விரல் வைத்துப் பார்க்காமல் தாண்ட மாட்டேன்.

அதில் இரண்டு வரிகள். சாம்பல் நிற வண்டிக்குக் கூடுதல் காசு கிடையாது, சிவப்பு வேண்டுமென்றால் 1,85,000 ரூபாய். சரி, ஆசைப்பட்டவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். பணம் கட்டினால் வாசலில் சிவப்பு வண்டி வந்து நிற்கும். இன்னொரு வரி, 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்', 6,00,000 ரூபாய். பெயரைத் தமிழில் சொன்னால் 'முழுக்க முழுக்கத் தானே ஓட்டிக்கொள்வது'. பணம் கட்டினால்? வண்டி வரும். தானே ஓட்டிக்கொள்ளாது. அது பின்னால் வரும் மென்பொருள் மேம்பாட்டில் கிடைக்கும் என்றார்கள். பின்னால் என்றால் எப்போது என்பதற்குப் பட்டியலில் இடமே இல்லை.

நான் உங்களுக்கு எழுதுவது இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மின்சார வண்டிக்கு எதிரி இல்லை. டெஸ்லாவுக்கும் எதிரி இல்லை. என் மகள் குடும்பம் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறது. டெஸ்லாவின் பெரிய தொழிற்சாலை இருக்கும் அதே ஊர். போயிருந்தபோது மாப்பிள்ளை தன் மாடல் ஒய் வண்டியில் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு அழைத்துப் போனார். 680-ஆம் நெடுஞ்சாலையில் ஏறியதும் திரையில் எதையோ தட்டினார், வண்டி தானாகவே ஓட ஆரம்பித்தது. நிஜமாகவே ஓடியது. தடம் மாறியது, முன்னால் போன லாரிக்கு இடம் விட்டது, இறங்கும் இடத்தில் கச்சிதமாக இறங்கியது. எனக்கு ஆச்சரியம்தான், மறைக்கவில்லை.

நடுவில் ஒருமுறை, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். சில விநாடி இருக்கும். டிங் என்று ஒரு சத்தம். சாலையைப் பார்க்கச் சொல்லித் திரையில் ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன கேமரா இருக்கிறதாம், ஓட்டுபவரின் கண் எங்கே போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். எச்சரிக்கையை மதிக்காமல் விட்டால் அந்தப் பயணம் முழுக்க வசதியைப் பிடுங்கிக்கொள்ளுமாம். பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் சாக்பீஸ் எறியும் வாத்தியார் ஞாபகம் வந்தது. அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உயிர் விஷயம், கண்டிப்பு வேண்டும். ஆனால் முழுக்கத் தானே ஓட்டிக்கொள்ளும் வண்டிக்கு ஓட்டுநரின் கண்மேல் இத்தனை அக்கறை ஏன்? வண்டிக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கும் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் வேறு பெயரில் சொல்கிறார்கள்.

இது எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள். 2016 அக்டோபரில் டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் ஓர் அறிவிப்பு செய்தார். இனி வெளிவரும் எல்லா டெஸ்லாவிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு வேண்டிய கருவிகள் இருக்கும், மென்பொருள்தான் பாக்கி என்றார். கூடவே ஒரு காணொளி. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் எதுவும் செய்யவில்லை, கார் தானாக ஓடுகிறது என்று அதன் தொடக்கத்தில் எழுத்து ஓடும். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஒரு கார் போகும் என்றும் வாக்கு. அந்தப் பயணம் நடக்கவேயில்லை.

காணொளியின் கதை 2023 ஜனவரியில் வெளியே வந்தது. ஒரு விபத்து வழக்கில் டெஸ்லாவின் ஆட்டோபைலட் (வண்டி ஓட்டுவதில் உதவும் வசதி) மென்பொருள் பிரிவுத் தலைவர் கொடுத்த வாக்குமூலத்தின் வழியாக வந்தது. அவர் பெயர் அசோக் எல்லுசாமி. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், நம் ஊர்ப் பிள்ளை என்று வாட்ஸாப்பில் நாம் பெருமையாகச் சுற்றவிட்டோமே, அவரேதான். மென்லோ பார்க்கில் ஒரு வீட்டிலிருந்து பாலோ ஆல்ட்டோ தலைமையகம் வரை, அந்தப் பாதையை மட்டும் முன்கூட்டியே முப்பரிமாணத்தில் வரைபடமாக்கி வைத்துக்கொண்டுதான் படம் பிடித்தார்கள். ஒத்திகை ஓட்டங்களில் ஓட்டுநர் இடையிட்டுக் கையில் எடுத்திருக்கிறார். ஆளில்லாமல் பார்க்கிங் செய்து காட்டப் போய் கார் நிறுவனத்தின் சொந்த வளாகத்திலேயே வேலியில் மோதியது. அன்று வாடிக்கையாளர் கைக்குக் கிடைத்ததைக் காட்டுவது காணொளியின் நோக்கமே இல்லை, செய்யக்கூடியது என்ன என்று காட்டுவதுதான் நோக்கம் என்றார். சத்தியம் செய்த இடத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், அந்த மட்டில் அவருக்கு என் மரியாதை. ஆனால் வேலியில் மோதிய காட்சி காணொளியில் இல்லை. 'செய்யக்கூடியது' என்ற சொல்லும் இல்லை.

நீதிமன்றத்தில் ஒரு பேச்சு என்றால், அரசு அலுவலகத்தில் இன்னொன்று. 2020-இல் கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை விளக்கம் கேட்டபோது, நகரத் தெருக்களில் ஓட்டும் இந்த வசதி 'இரண்டாம் நிலை'தான் என்று டெஸ்லா எழுத்திலேயே பதில் கொடுத்தது. இரண்டாம் நிலை என்றால் ஓட்டுநருக்கு உதவி, அவ்வளவுதான். ஓட்டும் பொறுப்பு மனிதருடையது. இதே இரண்டாம் நிலை உதவி 2021-லிருந்து மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இல் இருக்கிறது. டெஸ்லாவுடையது அதைவிட நிறைய செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மஹிந்திரா அதை ஓட்டுநர் உதவி என்ற பெயரில்தான் விற்றது.

பங்குதாரர்களிடம் மூன்றாவது பேச்சு. 2019 ஏப்ரலில் முதலீட்டாளர்களைக் கூட்டி, அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோடாக்ஸி, அதாவது ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார், சாலையில் இருக்கும், நீங்கள் தூங்கும்போது உங்கள் கார் சம்பாதிக்கும் என்கிற மாதிரி ஒரு கணக்கு காட்டினார் மஸ்க். அந்த 'அடுத்த ஆண்டு' வந்தது 2025 ஜூனில். ஆஸ்டின் நகரத்தின் ஒரு பகுதியில் மட்டும், விரல்விட்டு எண்ணுகிற அளவு வண்டிகள், ஒவ்வொன்றிலும் முன்னிருக்கையில் ஒரு கண்காணிப்பாளர்.

இந்த மூன்று பேச்சுக்கும் நடுவில் விலையும் ஏறி இறங்கியது. 2022 செப்டம்பரில் 15,000 டாலர் வரை போய், 2024-இல் 8,000-க்கு இறங்கியது. அதே 2024-இல் பெயருக்குப் பின்னால் 'மேற்பார்வையுடன்' என்று ஒரு ஒட்டு சேர்ந்தது. மேற்பார்வையுடன் கூடிய முழுத் தானியக்கம். கருவாடு சேர்த்த சுத்த சைவம் என்று ஹோட்டல் வாசலில் போர்டு வைத்தால் நம் ஊரில் விடுவார்களா? 2025 ஜனவரியில் மஸ்க்கே இன்னொன்றை ஒப்புக்கொண்டார். முன்பு விற்ற வண்டிகளில் உள்ள மூன்றாம் தலைமுறைக் கணினி இதற்குப் போதாது, இந்த வசதிக்குப் பணம் கட்டியவர்களுக்கு அதை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்றார். 'வேண்டிய கருவிகள் எல்லாம் இருக்கின்றன' என்று 2016-இல் சொன்ன வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்த அலட்டல் இல்லாமலேயே அவர்களிடம் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தி 2010-இல் மூடிய ஃப்ரீமான்ட் தொழிற்சாலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கி உயிர் கொடுத்தார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையிடம் வாங்கிய 46.5 கோடி டாலர் கடனைத் தவணைக்கு ஒன்பது ஆண்டு முன்பே, 2013-இல் அடைத்தார்கள். மாடல் ஒய் 2023-இல் உலகத்திலேயே அதிகம் விற்ற கார், பெட்ரோல் கார்களையும் சேர்த்துத்தான். அவர்களுடைய சார்ஜர் முனையை ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸுமே ஏற்றுக்கொண்டன. ஒரு தொழிற்சாலைக்காரனாக இதையெல்லாம் பார்த்து எனக்குப் பொறாமை கலந்த மதிப்பு உண்டு.

தவறை ஒப்புக்கொள்ளவும் தெரியாதவர்கள் இல்லை. 2018-இல் மாடல் 3 உற்பத்தி சிக்கி நின்றபோது நடந்ததை மஸ்க் பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டரிப் பெட்டியின் தலைமேல் கண்ணாடியிழை விரிப்புகளை வைக்க ஒரு ரோபோ. பஞ்சு மாதிரியான அந்த விரிப்பை ரோபோவால் பிடிக்க முடியவில்லை. வேகத்தைக் கூட்டினார், பசையைக் குறைத்தார், என்னென்னவோ செய்தார். கடைசியில்தான், இந்த விரிப்பு எதற்கு என்று கேட்டார். பாட்டரி பாதுகாப்புக்காரர்கள், அது சத்தத்தைக் குறைக்க என்றார்கள். சத்தம் பார்க்கும் பிரிவினர், அது தீப் பாதுகாப்புக்கு என்றார்கள். விரிப்பு உள்ள காரிலும் இல்லாத காரிலும் மைக் வைத்துக் கேட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. விரிப்பைத் தூக்கி எறிந்தார்கள், ரோபோவும் போயிற்று. எங்கள் தொழிற்சாலையிலும் இப்படி யாருக்கும் எதற்கென்று தெரியாத ஒரு வாஷர் பல வருடம் ஓடியது, அந்தக் கதை இங்கே வேண்டாம். அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது என் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று அப்போது அவரே பகிரங்கமாக எழுதினார். அந்த நேர்மை பட்டறையோடு நின்றுவிட்டது, விலைப்பட்டியல் வரை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு என் கணக்கு இது. கார் விற்க இந்தப் பெயர் தேவையில்லை, பங்கு விலை நிற்பதற்குத் தேவை. 2020-தான் டெஸ்லா முழு ஆண்டு லாபம் காட்டிய முதல் வருடம். லாபம் 72 கோடி டாலர். அதே வருடம் மாசுக் கட்டுப்பாட்டு விதியை எட்ட முடியாத மற்ற கார் நிறுவனங்களுக்கு மாசுச் சலுகைப் புள்ளிகளை விற்று வந்த வருமானம் 158 கோடி டாலர். அது இல்லாவிட்டால் நஷ்டம்தான். சட்டப்படியான வருமானம், குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கார் நிறுவனம் அதுதான். அந்த மதிப்பு ஓடுகிற காருக்கு மட்டும் கிடைத்ததில்லை, ஓடப்போகும் காருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

இலக்குகளைப் பாருங்கள், கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும். 2030-இல் வருடத்துக்கு 2 கோடி கார் விற்போம் என்றார்கள். 2023-இல் விற்றது 18.1 லட்சம், 2024-இல் 17.9 லட்சம். ஏறவில்லை, இறங்கியது. 2 கோடி என்ற எண் நிறுவனத்தின் அறிக்கை ஒன்றிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போனது. 2025 நவம்பரில் மஸ்க்குக்கு ஒரு லட்சம் கோடி டாலர் வரை போகக்கூடிய ஊதியத் திட்டத்துக்குப் பங்குதாரர்கள் கைதூக்கினார்கள். அதன் நிபந்தனைகளில் அந்த 2 கோடி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை வருடத்துக்கு இல்லை, நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாக. அதில் 80 லட்சத்துக்கு மேல் அப்போதே விற்றாகிவிட்டது.

டெஸ்லாவின் மின்சார பிக்கப் வண்டியான சைபர்டிரக் பற்றி இரண்டு வரி மட்டும், என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால். 2019-இல் அறிமுகம் செய்தபோது தொடக்க விலை 39,900 டாலர், 2023-இல் விற்பனைக்கு வந்தபோது 60,990. 2024 ஏப்ரலில் 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆக்சிலரேட்டர் மிதியின் மேல்தகடு வழுக்கிக் கழன்று, மிதி அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளும் ஆபத்து. காரணம், பொருத்தும்போது சுலபமாக ஏறுவதற்காகச் சோப்பு தடவியிருக்கிறார்கள். ரப்பர் குழாயை ஏற்றச் சோப்புத் தண்ணீர் தடவுவது அம்பத்தூர் பட்டறைகளில் தினசரி வேலை. மிதியில் தடவினால் என் மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் போன வாரம் பார்த்த காட்சி. பெட்ரோல் தீர்ந்த ஓர் ஆட்டோ. பின்னால் வரும் இன்னொரு ஆட்டோக்காரர் ஒரு காலை வெளியே நீட்டி, அதன் பின்பக்கத்தில் ஊன்றித் தள்ளிக்கொண்டே ஓட்டுகிறார். எதிர்த்திசையில் ஒரு பைக். பக்கத்தில் தண்ணீர் லாரி. முன்னால் வெள்ளை அடிக்காத வேகத்தடை. ஆட்டோவுக்கு வெளியே ஒரு கால் போவதை கேமரா என்னவென்று எழுதிக்கொள்ளும்? ஆராய்ச்சி செய்யட்டும், நம் சாலைகளையும் கற்றுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ளும் முன்பே கட்டணம் ஏன்?

இன்னொரு வேடிக்கை. ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடவே மாட்டேன், ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்று 2017-இலும் 2023-இலும் வெளிப்படையாகச் சொன்னவர் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் அமைச்சர் விடமாட்டேன் என்கிற பொருளை மும்பையில் ஒரு கடை முன்பணம் வாங்கி விற்கலாமா?

மற்ற நாடுகள் சும்மா இல்லை. குளிர் காலத்தில் தூரம் எவ்வளவு குறையும் என்பதை விளம்பரத்தில் சொல்லாததற்காகத் தென் கொரியா 2023 ஜனவரியில் டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதம் போட்டது. ஷியோமி காரில் மூன்று பேர் இறந்த பிறகு, 2025 ஏப்ரலில் சீன அரசு கார் நிறுவனங்களைக் கூப்பிட்டு, 'தானியங்கி ஓட்டம்' என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்றது. 2025 ஆகஸ்டில் மியாமியில் ஒரு நடுவர் குழு, ஆட்டோபைலட் போட்டுவிட்டு, விழுந்த கைபேசியைத் தேடிக் குனிந்த ஓட்டுநரால் நடந்த 2019 விபத்துக்கு டெஸ்லாவும் 33 சதவீதம் பொறுப்பு என்று சொல்லி, அது 24.3 கோடி டாலர் கட்ட வேண்டும் என்றது. பெரும்பங்கு தவறு அந்த ஓட்டுநர் தலையில்தான். அவர் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. ஆனாலும் வண்டி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவருக்கு ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை.

உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. நீங்களே 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தவறான எண்ணம் தரும் ஒரு கூற்றை அடிக்குறிப்பு போட்டுச் சரிக்கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. 'முழுக்கத் தானே ஓட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 'ஓட்டுநர் கவனமாக இருக்க வேண்டும், இது வண்டியைத் தானியங்கியாக்காது' என்று சின்ன எழுத்தில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறென்ன? அபராதம் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மறைப்பானேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தவறுக்கு நீங்கள் போடக்கூடியது 10 லட்சம் வரை. இரண்டு பேருக்கு இந்த வசதியை விற்றால் 12 லட்சம் வந்துவிடும். அதனால் அபராதத்தை நான் பெரிதாக நம்பவில்லை. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும் மாற்றச் சொல்லவும் உங்களுக்கு இருக்கும் அதிகாரத்தைத்தான் நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. பெயரை மாற்றட்டும். 'ஓட்டுநர் உதவி' என்று சொல்லி 6 லட்சம் கேட்கட்டும், தருகிறவர் தரட்டும். ஏற்கெனவே பணம் கட்டியவர் எப்போது திரும்பக் கேட்டாலும் வட்டியோடு கொடுக்கட்டும். எந்த அதிகாரியிடம் எந்த நிலை என்று எழுதிக் கொடுத்தார்களோ, அதையே அதே அளவு எழுத்தில் வாங்குகிறவரிடமும் எழுதிக் கொடுக்கட்டும். டெஸ்லாவோடு நிறுத்தவும் வேண்டாம். இந்த வழி லாபம் என்று தெரிந்தால் நாளைக்கு நம் ஊர் நிறுவனங்களும் இதே பட்டியலை நகல் எடுக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் கொள்முதல் ஆணை என்றால் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், டெலிவரி தேதி. அது காலியாக வந்தால் ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். சிவப்பு மையில் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வந்த பையன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். 6,00,000 ரூபாய் என்ற அந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் போடச் சொல்லி, தேதி எழுதச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். எழுத முடியவில்லை என்றால் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரப்பரிசோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன்,
அம்பத்தூர், சென்னை.